தோட்டப்புற நகரிலிருந்து பழமைவாத அரசியல் சிந்தனையைக் கற்க: தொடங்குவோருக்கான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைப் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் வாழ்ந்துகொண்டு, பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் பயிலாத ஒருவர், பழமைவாதம் என்னும் சிந்தனை மரபை முறையாகக் கற்க விரும்பினால் அவருக்கு ஆசிரியரும் கிடைப்பதில்லை, பாடத்திட்டமும் கிடைப்பதில்லை. எந்த நூலை முதலில் எடுப்பது, எதை விலை கொடுத்து வாங்குவது, எதை இலவசமாகப் பெறுவது, எங்கே கூடிப் பேசுவது என்று ஒவ்வொன்றுக்கும் எங்கள் சிறு வாசிப்புக் குழு அலைய வேண்டியிருந்தது. அடுத்து வருபவர்கள் அந்த அலைச்சலின்றி நேராகப் படிப்பில் இறங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எதைக் காப்பது, எதை மாற்றுவது, மாற்றத்தின் வேகத்தை யார் தீர்மானிப்பது என்பவை இந்தச் சிந்தனை மரபின் மையக் கேள்விகள். ஒரு தோட்டம் கைமாறும் ஒவ்வொரு முறையும் நம் மக்கள் எதிர்கொள்வதும் இதே கேள்விகளைத்தான். ஆகவே இதை இங்கிலாந்துக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்காமல், நம் வாழ்வைப் பற்றிய படிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பழமைவாதியாக மாற வேண்டும் என்பது நோக்கமன்று. ஏற்பதாயினும் மறுப்பதாயினும் அறிந்து செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

1. நூலைத் திறக்குமுன் ஒரு வழக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில், ஒரே பக்கத்துக்குள், கற்பனையான ஆனால் நமக்குப் பழக்கமான ஒரு வழக்கை எழுதுங்கள். செம்பனைத் தோட்டம் ஒன்று வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்படுகிறது. அங்கே மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரு மாரியம்மன் ஆலயம், பிள்ளைகள் குறைந்துபோன ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் இடுகாடு ஆகியவை இருக்கின்றன. நிலத்தின் உரிமையாளருக்குச் சட்டப்படியான பட்டா இருக்கிறது. குடியிருப்போருக்கு நீண்ட வழக்கம் மட்டுமே இருக்கிறது. இனி என்ன நடக்க வேண்டும்?

பின்னால் வரும் ஒவ்வொரு சிந்தனையாளரிடமும் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறீர்கள். இந்தத் தாள் இல்லாமல் படிக்கத் தொடங்குபவர்கள், எல்லாப் பழமைவாதிகளும் ஒன்றையே சொல்கிறார்கள் என்ற எண்ணத்தோடு பாதியில் நூலை மூடிவிடுகிறார்கள். வழக்கு முன்னால் இருந்தால், ஒருவர் உரிமையாளரின் பக்கமும் இன்னொருவர் ஆலயத்தின் பக்கமும் நிற்பது உடனே தெரியும். ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

2. குழுவையும் இடத்தையும் சட்டத்துக்கு உட்பட்டு அமைத்துக்கொள்ளுங்கள்

தனியாகவும் படிக்கலாம், ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்தால் படிப்பு நிலைக்கிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம், 7 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்த எந்த அமைப்பையும், அதன் நோக்கம் எதுவாக இருந்தாலும், அது தற்காலிகமானதாகவே இருந்தாலும், சங்கம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே குழுவை 6 பேருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் ஆலய நிர்வாகம், முன்னாள் மாணவர் சங்கம், மணிமன்றம் (தமிழ் இளைஞர் அமைப்பு) போன்றவற்றின் நடவடிக்கையாக நடத்துங்கள். இரண்டாவது வழியே நல்லது, ஏனெனில் கூடும் இடமும் அதனோடு சேர்ந்து கிடைத்துவிடும்.

அதற்கு ஒரு பக்கக் கடிதம் தேவை. படிப்பின் நோக்கம், கூடும் நாள், நேரம், பொறுப்பாளரின் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும், படிக்கப்போகும் நூல்களின் பட்டியல், கட்சிச் சார்பான பேச்சோ கொடியோ துண்டறிக்கையோ இராது என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இடம்பெறட்டும். 'அரசியல்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் நிர்வாகத்தினர் தயங்குவது இயல்பு. நூல் பட்டியலைக் கண்டதும் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆலய நிர்வாகக் கூட்டம் பல இடங்களில் மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறது என்பதால், தொடங்க விரும்பும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே கடிதத்தைத் தலைவரிடமோ செயலாளரிடமோ நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. நூல்களைச் சேருங்கள்: இலவசமானவை முதலில்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் எழுத்தாளரின் படைப்புக்கு அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்த மரபின் சிந்தனையாளர்களான, 1797இல் இறந்த எட்மண்ட் பர்க், 1821இல் இறந்த ஜோசப் தெ மெஸ்த்ர், 1881இல் இறந்த பெஞ்சமின் டிஸ்ரேலி ஆகியோரின் மூல எழுத்துகளை யாரும் பதிவிறக்கலாம், அச்சிடலாம், பகிரலாம். புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதால், மெஸ்த்ரின் பிரெஞ்சு நூல் பழையது என்றாலும் அதன் இக்கால ஆங்கிலப் பெயர்ப்பு இலவசமாகாது. 1990இல் இறந்த மைக்கேல் ஓக்ஷாட், 1992இல் இறந்த பொருளியலாளர் ஹாயெக், 1994இல் இறந்த ரஸ்ஸல் கிர்க், 2020இல் இறந்த ரோஜர் ஸ்க்ரூட்டன் ஆகியோரின் நூல்கள் இன்னும் பாதுகாப்பில் உள்ளன. அவற்றை முழுமையாக நகலெடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளை நாடாதீர்கள். நூலகத்தில் இரவல் வாங்குங்கள், அல்லது குழுவுக்கு ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள்.

குட்டன்பர்க் திட்டத்தின் இணையத்தளத்தில் பர்க்கின் படைப்புகள் பன்னிரண்டு தொகுதிகளாகக் கிடைக்கின்றன. அவற்றில் மூன்றாம் தொகுதி ஒன்றே முதல் இரண்டு மாதத்துக்குப் போதும். அடுத்த படியில் நான் சொல்லும் ஆர்க்காட்டு உரையும், 1790இல் வெளிவந்த 'பிரெஞ்சுப் புரட்சி குறித்த சிந்தனைகள்' நூலும் அந்த ஒரே தொகுதிக்குள் அடங்கியிருக்கின்றன. முழுத் தொகுதியையும் அச்சிடத் தேவையில்லை. பக்கத்துக்குப் பத்துக் காசு என்று வைத்துக்கொண்டாலும், தேர்ந்தெடுத்த அறுபது பக்கம் ஆறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும்.

புதிய நூல்களுக்கு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போவதற்கு முன்னால், அடையாளக் கார்டோடு அருகிலுள்ள பொது நூலகத்துக்குச் சென்று உறுப்பினராகுங்கள். தேடும் நூல் அங்கே இல்லையென்றால், ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுத்து, வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால், அயல்நாட்டுப் பெயர்களின் எழுத்துக்கூட்டு மாறி, இருக்கும் நூலும் இல்லையென்றே பதில் வரும். வெளிநாட்டில் அச்சான கல்விசார் நூல் ஒன்று நூறு வெள்ளியைத் தொடுவது அரிதன்று. ஆகவே குழு முழுவதற்கும் இரண்டு நூல்களுக்கு மேல் வாங்கத் திட்டமிடாதீர்கள். என் பரிந்துரை: ஓக்ஷாட்டின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று, ஸ்க்ரூட்டன் நூல் ஒன்று.

4. பர்க்கை ஆர்க்காட்டிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான அறிமுகங்கள் பர்க்கைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்தே தொடங்கும். நமக்கு அது கடினமான வாசல், ஏனெனில் அந்த நூல் முழுக்க அறிமுகமில்லாத பெயர்களும் அன்றைய சண்டைகளும் நிறைந்திருக்கின்றன. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1785 பிப்ரவரி 28 அன்று, ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையைப் படியுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் நவாபுக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்ட கடன்களை, எந்த விசாரணையும் இன்றிக் கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அடைப்பதை அவர் அந்த உரையில் எதிர்க்கிறார். கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த நிலத்தின் பெரும்பகுதி நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ் நிலமே.

அந்த உரையில் ஏரிகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. தம் முன்னிருந்த வரைபடத்தில் மட்டும் ஏரி குளங்களைத் தாமே எண்ணிப் பார்த்ததாகவும், அவை ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டவை என்றும் பர்க் கூறுகிறார். அவற்றை வெட்டிய மன்னர்கள், தங்களுக்குப் பின் வரப்போகும் தலைமுறைகளைத் தங்கள் சொந்தப் பிள்ளைகளாகக் கருதி விட்டுச்சென்ற சொத்து அவை என்கிறார். அந்த வருவாய் கடன்காரர்களின் கைக்குப் போனால் ஏரிகள் தூர்ந்து அழியும் என்பதே அவருடைய வாதத்தின் உயிர்.

இந்தப் பக்கங்களை இரண்டு வாரம் வைத்து நிதானமாகப் படியுங்கள். சமுதாயம் என்பது வாழ்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் இடையிலான கூட்டு என்று பின்னாளில் 1790இல் அவர் எழுதியதன் பொருள், ஏரியைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். மாற்றத்துக்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று அதே நூலில் அவர் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழமைவாதி எந்த மாற்றத்தையும் ஏற்காதவர் என்ற எண்ணத்தை இந்த ஒரு கருத்தே நீக்கிவிடும்.

5. கிளைகளைப் பிரித்து அறியுங்கள்

இதுவே படிப்பின் நடுப்பகுதி. இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கிளையையும் படித்து முடித்தவுடன், முதற்படியில் எழுதிய வழக்குக்கு அந்தக் கிளை தரும் விடையை ஐந்தே வரியில் எழுதுங்கள்.

முதற்கிளை மரபைப் பேணும் கிளை. பர்க், கிர்க், ஓக்ஷாட், ஸ்க்ரூட்டன் ஆகியோரை இதில் வைக்கலாம். ஆனால் இவர்கள் ஒரே குரலில் பேசுபவர்கள் அல்லர். 1953இல் தம் பெருநூலை வெளியிட்ட கிர்க், மனிதச் சட்டங்களுக்கு மேலான ஓர் அறவொழுங்கு உண்டு என்ற நம்பிக்கையைப் பழமைவாதத்தின் முதல் அடையாளமாகக் கொள்கிறார். ஓக்ஷாட்டுக்கு அப்படி ஒரு நம்பிக்கை தேவைப்படவில்லை. அறியாததைவிட அறிந்ததையும், சோதிக்காததைவிடச் சோதித்துப் பார்த்ததையும் விரும்பும் மனப்பாங்கே பழமைவாதம் என்று 1956இல் ஆற்றிய உரையில் அவர் விளக்குகிறார். ஸ்க்ரூட்டனோ வாழிடத்தின் மீதுள்ள பற்றிலிருந்து தொடங்குகிறார். நம் வழக்கில் இம்மூவரும் ஆலயத்தையும் இடுகாட்டையும் எளிதில் இடம்பெயர்க்கக் கூடாது என்றே சொல்வார்கள் என நான் கருதுகிறேன். காரணம் மட்டும் வேறுபடும்: கிர்க்குக்கு அது புனிதம், ஓக்ஷாட்டுக்கு அது பழகிய வாழ்முறை, ஸ்க்ரூட்டனுக்கு அது இல்லம்.

இரண்டாவது, மேலிருப்போரின் கடமையை வலியுறுத்தும் கிளை. டிஸ்ரேலி 1845இல் எழுதிய நாவலில் செல்வரும் வறியவரும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு தேசங்களாக வாழ்வதைக் காட்டினார். அவர் பிரதமராக இருந்தபோது 1875இல் நிறைவேறிய சட்டங்கள், தொழிலாளர்கள் அமைதியாக மறியல் செய்யும் உரிமையையும் பொதுச் சுகாதார ஏற்பாடுகளையும் உறுதிப்படுத்தின. உடைமையும் அதிகாரமும் உள்ளவர்களுக்குக் கீழிருப்போரின் நலனைக் காக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் அடிநாதம். நம் வழக்கில் இது, விற்பனைக்கு முன்னரே குடியிருப்போருக்கு வீடு என்று கேட்கும். துரையும் கங்காணியும் இருந்த பழைய தோட்ட அமைப்பை அறிந்த நமக்கு, இந்தப் பரிவு எவ்வளவு விரைவில் அடக்குமுறையாக மாறும் என்பதும் தெரியும். அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

மூன்றாவது, சந்தையையும் உடைமையுரிமையையும் முன்வைக்கும் கிளை. இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஹாயெக்கைப் பழமைவாதிகளின் வரிசையில் எல்லாரும் வைக்கிறார்கள். அவரோ 1960இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பாக, தாம் ஏன் பழமைவாதி அல்லர் என்று ஒரு கட்டுரையே எழுதினார். அதையும், அறிவு சமூகமெங்கும் சிதறிக் கிடக்கிறது, அதை எந்த மையத் திட்டக்காரராலும் முழுமையாகத் திரட்ட முடியாது என்று வாதிடும் அவருடைய 1945ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்தே படியுங்கள். தமிழர்களுக்கு இன்னும் அருகில் இருப்பவர் இராஜாஜி. அரசின் உரிமம், அனுமதி, ஒதுக்கீட்டு ஆட்சியையும் கூட்டுப்பண்ணைத் திட்டத்தையும் எதிர்த்து 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திய மக்களவையில் 44 இடங்களை வென்றது. சந்தைப் பொருளாதாரமும் சமயம் சார்ந்த ஒழுக்கப் பற்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததை அவரிடம் காணலாம். நம் வழக்கில் இந்தக் கிளை நில உரிமையாளரின் பக்கம் சாயும். ஆனால் அரசு தன் அதிகாரத்தால் நிலத்தை எடுக்க முனைந்தால் அதே உறுதியோடு அரசையும் எதிர்க்கும்.

மெஸ்த்ரைச் சுருக்கமாகப் படித்தால் போதும். மனிதர் தம் அறிவால் அரசியலமைப்பை எழுதி உருவாக்க முடியாது என்றும், அதிகாரம் இறைவனிடமிருந்தே வருகிறது என்றும் வாதிடும் அவர், சீர்திருத்தத்துக்கு இடம் தரும் பர்க்கிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதை அறிந்துகொள்வதே இங்கே பயன். அமெரிக்காவின் புதுப்பழமைவாதிகளுக்கும் ஒரு வாரம் கொடுங்கள். இர்விங் கிறிஸ்டலும் டேனியல் பெல்லும் 1965இல் தொடங்கிய இதழைச் சுற்றித் திரண்ட அவர்களின் எழுத்தில் நமக்குப் பயன்படுவது, நல்லெண்ணத்தோடு தொடங்கிய நலத்திட்டங்களின் எதிர்பாராத விளைவுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம்.

6. மலேசிய ஆவணங்களோடு வைத்துப் பாருங்கள்

மூன்று ஆவணங்கள் போதும். 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா (தேசியக் கோட்பாடு) பள்ளிக் காலத்திலிருந்தே உங்களுக்கு மனப்பாடம். இறைவன் மீது நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்பின் மேன்மை, சட்ட ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும் என்ற ஐந்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கிளை அதை ஏற்கும் என்று குறியுங்கள். அரச நகரான கோலா கங்சார் நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முடியாட்சியை ஒரு வாழும் நிறுவனமாக எண்ணிப் பார்ப்பது எங்கள் குழுவுக்கு இயல்பாக அமைந்தது.

அடுத்து, கூட்டரசு அரசியலமைப்பு. முழுவதையும் படிக்க வேண்டாம். சங்கம் சேரும் உரிமையைப் பேசும் 10ஆம் பிரிவு, போதிய இழப்பீடின்றி யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கச் சட்டம் இடம் தரக் கூடாது என்னும் 13ஆம் பிரிவு, மலாய் தேசிய மொழியாக இருக்க ஏனைய மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்னும் 152ஆம் பிரிவு ஆகிய மூன்றும் நம் வழக்கை நேராகத் தொடுகின்றன. 13ஆம் பிரிவு பட்டா உள்ளவரைக் காக்கிறது. வழக்கம் மட்டுமே உள்ளவருக்கு அது என்ன தருகிறது என்பதை ஒரு முழுக் கூட்டம் வைத்து விவாதியுங்கள்.

மூன்றாவது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கதை. பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கும் தோட்டத் துண்டாடல் பரவியபோது, தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்று சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் அதைத் தொடங்கினார். உடைமை பலர் கைக்குப் பரவினால்தான் மக்களாட்சி நிலைக்கும் என்று ஸ்காட்லாந்தின் பழமைவாதக் கட்சி அரசியலாளர் நோயல் ஸ்கெல்டன் 1923இல் எழுதிய கருத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பந்தன் தம்மைப் பழமைவாதி என்று அழைத்துக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம். ஒரு சிந்தனையின் பெயர் இல்லாமலே அதன் உள்ளடக்கம் ஒரு செயலில் இருக்க முடியும்; அதைக் கண்டுகொள்ளும் பயிற்சிதான் இது.

7. எதிர்வாதத்தை விட்டுவிடாதீர்கள்

பர்க்கின் நூலுக்கு அதே 1790ஆம் ஆண்டில் மேரி உல்ஸ்டன்கிராஃப்டும், மறு ஆண்டில் தாமஸ் பெயினும் எழுதிய மறுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நமக்கு முதன்மையான எதிர்வாதம் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு'. வழிவழியாக வந்த வழக்கத்தில் ஒரு ஞானம் உறைந்திருக்கிறது என்று பர்க் சொல்லும்போது, அந்த வழக்கம் ஒருவரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியதாக இருந்தால் என்ன சொல்வது? 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்துபோன பிறகு சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களிலும் வேர்விட்ட ஒரு சமூகம் நாம். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பழமைவாதத்தைப் படிப்பது நேர்மையாகாது. என் முடிவு இது: எதைக் காப்பது என்று கேட்கும் எந்தச் சிந்தனையும், அதைக் காப்பதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். இந்தப் படிக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கொடுங்கள்.

8. காலமும் செலவும்

ஞாயிறு மாலை ஐந்து மணி எல்லாருக்கும் ஏற்ற நேரம். பால்வெட்டுக்குப் போகிறவர்களும் விடியற்காலையில் எழ வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு மேல் நீட்டிக்காதீர்கள். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருந்தால், அவர்களுடைய மாத அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு நாட்களைக் குறியுங்கள். தைப்பூசம், தோட்டத்து ஆலயத் திருவிழா, தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய வாரங்களையும், உறுப்பினர்களின் பிள்ளைகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் காலத்தையும் விட்டுவிட்டு எண்ணினால் முழுப் படிப்புக்கும் ஏழு மாதம் ஆகும். பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டால் வாக்களிப்பு முடியும் வரை கூட்டங்களை நிறுத்தி வையுங்கள். அந்த நாட்களில் எந்தக் கிளையைப் பேசினாலும் அது ஒரு கட்சியின் பெயராகவே காதில் விழும்.

ஆறு பேர் கொண்ட குழுவில் தலைக்கு ஐம்பது வெள்ளி சேர்த்தால் மொத்தம் முந்நூறு. இரண்டு நூல்களுக்கு இருநூறு, ஆர்க்காட்டு உரைக்கும் மற்ற இலவச நூல்களிலிருந்து எடுக்கும் பகுதிகளுக்குமான அச்சுக்கு ஐம்பது, மீதம் தேநீருக்கும் கூடத்தைத் துப்புரவு செய்பவருக்கும் என்று திட்டமிடலாம். பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர் என்று முதல் கூட்டத்திலேயே பிரித்துவிடுங்கள். வருமான வரி செலுத்துபவர் தம் சொந்தப் பணத்தில் நூல் வாங்கினால், வாழ்க்கைமுறைச் செலவுக்கான ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையிலான வரிவிலக்கில் அதைச் சேர்க்கலாம். குழுவின் பொதுப்பணத்தில் வாங்கியதை எவரும் தம் பெயரில் காட்டக் கூடாது. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சூட்டில் அச்சாகும் ரசீதுத்தாள் சில மாதங்களிலேயே வெளிறிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படமெடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.